மஞ்சள் புள்ளி வைத்த சக்கரம்

நான் பயந்தாங்கொள்ளி இல்லை. இண்டியானாவில் ஒரு பந்தயக்காரனைக் கட்டிக்கொண்டு நாற்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் எவளும் பயந்தாங்கொள்ளியாக இருக்க முடியாது. ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை, கார்ப் பந்தயத் தடத்தின் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என் ஈரக்குலை நடுங்கியது. நடுங்க வைத்த வேலையைச் செய்தவளும் நானேதான்.

என் புருஷன் வெர்ல் ஐந்து வருஷமாக ஒரே காரைக் கட்டிக்கொண்டு மாரடித்தான். 1957-இல் கலிஃபோர்னியாவில் கையால் தட்டிச் செய்த பந்தயக் கார், அந்த மாதிரியில் மொத்தமே நாலுதான். எங்கள் கைக்கு வந்தபோது அது ஒரு இரும்புச் சட்டம், உடைந்த என்ஜின், மூன்று சக்கரம். மற்றதையெல்லாம் தேடிப் பிடித்தது நான். வெர்லுக்கு அந்நியரோடு போனில் பேச வராது. நான் பேசினேன், கெஞ்சினேன், சண்டை போட்டேன். ஸ்டீயரிங் பெட்டி ஒஹாயோவில் ஒரு கோழிப்பண்ணையில் கிடைத்தது. பெட்ரோல் டாங்க்கில் எவனோ புண்ணியவான் சோளம் கொட்டி வைத்திருந்தான்.

கடைசிவரை கிடைக்காதது வலது பின் சக்கரம். எங்கள் தடங்களில் கார் இடப்பக்கம் மட்டுமே திரும்பும், பாரமெல்லாம் வலப்பக்கம் சாயும். அந்தக் காலத்து மெக்னீசியம் சக்கரங்களில் இடப்பக்கத்தவை இன்னும் எத்தனையோ கொட்டகைகளில் தூங்குகின்றன. வலது பின் சக்கரம் மட்டும் ஏன் இல்லை என்று பழைய ஆட்களைக் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். எல்லாம் ஓடும்போதே உடைந்துவிட்டன, வேறென்ன?

ஆகஸ்டில் ஒரு பழைய சாமான் சந்தையில் ஓட்டிஸ் என்ற கிழவரிடம் ஒன்று கிடைத்தது. கொட்டகையிலேயே கிடந்த சக்கரம் என்றார். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு வராத குறைதான்.

வெர்லிடம் ஒரு கறார் உண்டு. விரிசல் உண்டா என்று சோதித்துப் பார்க்காமல் ஒரு ஆணிகூட அவன் காரில் ஏறாது. இண்டியானாபோலிஸில் அதற்கென்றே ஒரு பட்டறை இருக்கிறது. அங்கே தேறிய பாகத்தின் மேல் சின்னதாக மஞ்சள் பெயிண்ட் புள்ளி வைப்பார்கள். எங்கள் காரில் அப்படி இருநூற்றுக்கும் மேல் புள்ளிகள். புள்ளி இருந்தால் வெர்ல் மறுகேள்வி கேட்க மாட்டான்.

அந்தப் பட்டறையில் நாலு வாரம் வரிசை. எங்களுக்கு இருந்ததோ ஒன்பது நாள். வருஷத்துக்கு ஒருமுறைதான் பழைய கார்களை எங்கள் தடத்தில் முழு வேகத்தில் ஓட்ட விடுவார்கள், எழுபது வயது முடிந்தவர்களுக்கு அனுமதி இல்லை. வெர்லுக்கு அக்டோபரில் எழுபது. அவன் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் சாயங்காலம் எங்கள் வீட்டுப் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். முட்டுக்கட்டை மேல் நின்ற காருக்குள் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்து மெதுவாக இடப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான். எனக்குத் தாங்கவில்லை.

சக்கரத்தை நானே கொண்டுபோய்க் கேட்டுப் பார்க்கிறேன் என்று வண்டியில் ஏற்றினேன். பட்டறைக்காரர் முகம் கொடுத்தே பேசவில்லை, வைத்துவிட்டுப் போ, நாலு வாரம் என்றார். வைக்கவில்லை. எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பன்றிக்கறி ரொட்டியைப் பாதி தின்றேன். பக்கத்து மருந்துக் கடையில் மஞ்சள் நகப்பூச்சு இருந்தது. வண்டிக்குள் வைத்தே சக்கரத்தில் ஒரு புள்ளி வைத்தேன். அப்போது என் கை துளிகூட நடுங்கவில்லை. அதை நினைத்தால் இன்னும் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

வெர்ல் அந்தப் புள்ளியைத் தடவிப் பார்த்தான். "உன் வாய்க்கு முன்னாடி எந்தப் பட்டறைக்காரன் நிப்பான், நாடீன்?" என்று சொல்லி என் நெற்றியில் முத்தமிட்டான். ஒன்பது நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று தினம் வாயைத் திறப்பேன், காப்பி வேணுமா என்று கேட்டுவிட்டு மூடிக்கொள்வேன். கொட்டகையிலேயே கிடந்த சக்கரம்தானே, அதற்கு என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை கார் தடத்தில் இறங்கியது. பன்னிரண்டு சுற்று. பழைய கார் என்பதால் உள்ளே பேசும் கருவி எதுவும் கிடையாது. இரண்டாவது சுற்றில் வெர்ல் வேகம் எடுத்தபோது பக்கத்தில் யாரோ தோளைத் தட்டினார்கள். ஓட்டிஸ் கிழவர், கையில் எலுமிச்சைச் சாறு, முகமெல்லாம் பல்.

"என் சக்கரம் எப்படி ஓடுது பாத்தியா? சுவத்துல மோதி காரே அப்பளமா நொறுங்கினப்பகூட அதுக்கு ஒண்ணும் ஆகல."

"எந்தக் காரு?"

"என் மச்சான் காருதான். அறுபத்திரெண்டுல."

"கொட்டகையிலேயே கிடந்ததுன்னு சொன்னீங்களே!"

"அதுக்கப்புறம் கொட்டகையிலதானேம்மா கிடந்துச்சு?"

நான் ஓடினேன். அறுபத்தேழு வயதில், முட்டிவலியோடு, சாகக் கிடப்பவள் மாதிரி மூச்சு வாங்க ஓடினேன். கொடி காட்டும் மேடை நூறு கெஜத்தில் இருந்தது. கார் ஒவ்வொரு தடவை என்னைக் கடக்கும்போதும் காதைப் பொத்திக்கொண்டேன். சத்தம் திடீரென்று நின்றுவிடுமோ என்றுதான் பயம். இரும்பு ஏணியில் ஏறும்போது கால் இரண்டு முறை வழுக்கியது.

மேலே கொடி காட்டுபவன் ராலி. எங்கள் கல்யாணத்தில் வெர்லுக்குத் துணையாக நின்றவன். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"வருஷா வருஷம் எவனோ ஒருத்தன் பொண்டாட்டி இந்த ஏணியில ஏறிடுறா. இந்த வருஷம் நீயா? போய் உக்காரு. அவன் ஜம்முனு ஓட்டுறான்."

கறுப்புக் கொடியைக் காட்டி அவனை உள்ளே கூப்பிடு என்றேன். எதற்கு என்று கேட்டான். சும்மா காட்டு என்றேன். ஐந்து வருஷம் காத்திருந்தவனை, பொண்டாட்டி பயந்தாள் என்று நிறுத்தினால் ஊர் சிரிக்கும் என்று தலையை ஆட்டினான். அதற்குள் இன்னொரு சுற்று போய்விட்டது.

"வலது பின் சக்கரம் விரிசல் பாக்காதது, ராலி. புள்ளி நான் வெச்சது."

ராலியின் சிரிப்பு அப்படியே போய்விட்டது. கறுப்புக் கொடியை எடுத்து நீட்டினான். கார் வந்தது. வெர்ல் மேடையைப் பார்க்கவே இல்லை. கண்ணாடிக்குக் கீழே வாய் முழுக்கச் சிரிப்பு, இருபது வயதில் நான் பார்த்த அதே சிரிப்பு. அப்படியே போய்விட்டான்.

இன்னும் ஒரு முழுச் சுற்று. தூரத்துத் திருப்பத்தில் கார் வலப்பக்கம் அழுந்திச் சாய்வது மேடையிலிருந்து நன்றாகத் தெரிந்தது. தெரியாமல் இருந்திருக்கலாம். கடவுளே, சும்மா வீட்டில் கிடந்து புலம்பட்டும், எழுபது, எண்பது என்று கிடந்து கிழவனாகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அடுத்த முறை ராலி கறுப்போடு சிவப்புக் கொடியையும் சேர்த்து ஆட்டினான், நான் என் ஸ்வெட்டரைக் கழற்றி ஆட்டினேன். வெர்ல் கையைத் தூக்கினான். வேகம் குறைந்தது.

உள்ளே வந்து நிறுத்தியதும் ஆயில் ஒழுகுதா என்று கேட்டான். நான் சொன்னேன். எல்லோர் முன்னாலும், நகப்பூச்சு வரைக்கும் சொன்னேன். அவன் கையுறையைக் கழற்றி மடித்து வைத்தான்.

சக்கரத்தைக் கழற்றித் துடைத்து, யாரிடமோ இரவல் வாங்கிய, மேலோட்டமான விரிசலை மட்டும் காட்டும் சிவப்புச் சாயத்தை அடித்தான். கால் மணி நேரம் காத்திருந்து துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடியைத் தூவினான். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய சிவப்பு வெள்ளையின் மேல் ஊறி வரும். வந்தது. ஆரக்கால் தொடங்கும் இடத்தில் என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு, பார்க்கப் பார்க்கத் தடித்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"வேற எதுல வெச்ச?" என்று கேட்டான்.

"வேற எதுலயும் இல்ல, வெர்ல். இது ஒண்ணுதான்."

சரி என்று தலையாட்டினான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரேடியோவில் பேஸ்பால் கேட்டான். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை குளியலறையில் என் நகப்பூச்சு அழிக்கும் புட்டியைக் காணவில்லை. அது எங்கள் வீட்டுப் பட்டறையில் இருந்தது. வெர்ல் காருக்கு முன்னால் முட்டி போட்டு, பஞ்சை நனைத்து, ஒவ்வொரு மஞ்சள் புள்ளியாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். நகப்பூச்சு என்றால் பஞ்சில் மஞ்சளாக ஒட்டும், பட்டறைக்காரரின் பெயிண்ட் அதற்கெல்லாம் அசையாது. ஸ்டீயரிங் கை, அச்சு, பிரேக், இருநூற்றுச் சொச்சம் புள்ளிகள். மத்தியானம் வரை கதவருகில் நின்று பார்த்தேன். ஒன்றுகூட அழியவில்லை.

கடைசிப் புள்ளியையும் தேய்த்துவிட்டுப் பஞ்சைப் பார்த்தான், வெள்ளையாக இருந்தது. பார்த்தியா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை. புதுப் பஞ்சு ஒன்றை எடுத்து நனைத்து, முதல் புள்ளியிலிருந்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தான்.