ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை

கூடத்தில் கிடத்தியிருந்த அண்ணியின் காலருகே சரிந்து கிடந்த மாலைகளை ஒதுக்கி, விரிப்பைச் சரிசெய்து கொண்டிருந்தாள் அவளுடைய தம்பியின் மனைவி. அப்போதுதான் அண்ணியின் கைப்பைக்குள் போன் அலறியது. கூடமே திரும்பிப் பார்த்தது. இவள் பாய்ந்து எடுத்தாள். அழைப்பு அல்ல, அலாரம். மணி பதினொன்று. கீழே அண்ணியே தட்டி வைத்திருந்தாள்: "தண்ணித்தொட்டி தெரு, மூணாவது மாடி. மாத்திரை."

இவள் அலாரத்தை அணைத்தாள்.

பிரசவ ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருபத்தாறு வருஷம் நின்ற மகராசி அண்ணி. இரும்புச்சத்து மாத்திரையை எடுத்துக் கொடுத்து, "டீயோட சேத்துப் போடாதே" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டியவள். ஆறு வருஷத்துக்கு முன் பிள்ளை பெற்றிருந்த இவள், அந்த அண்ணியின் கண்ணிலேயே மண்ணைத் தூவினாள். மாத்திரைகளைப் பிதுக்கி பால்கனிச் செடித்தொட்டியில் புதைத்துவிட்டு, வெறும் அட்டையைக் காட்டுவாள். குழந்தை அழுதால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். எதற்கு உயிரோடு இருக்கிறோம் என்றிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் அண்ணி தொட்டி மண்ணைக் கிளறிப் பார்த்தாள். "செடி நல்லா தெம்பாத்தான் இருக்கு. நீ எப்ப ஆகப்போற?" அவ்வளவுதான். தன் தம்பியிடம்கூட மூச்சுவிடவில்லை. மறுநாளிலிருந்து மதிய ஷிப்டுக்கு முன்னால் தினமும் வந்தாள், கையில் ஒரே ஒரு மாத்திரையோடு. போலீஸ் வந்துவிட்டது என்று இவள் மனசுக்குள் கறுவினாள். பத்தாம் நாள் கேட்டேவிட்டாள்.

"ஒரு மாத்திரைக்காகவா அண்ணி தினம் ரெண்டு பஸ் மாறி வர்றீங்க?"

"அட்டையாக் குடுத்தா மாசத்துக்கு ஒருதடவைதானே உன் மூஞ்சியப் பாக்க முடியும்? இது உடம்புக்கு. மனசுக்கு வேற டாக்டர் இருக்காங்க. நாளைக்குப் போலாமா?"

போனார்கள். இவள் பிழைத்தது அப்படித்தான். அந்தப் பொறுமை யாருக்கு வரும்!

இப்போது மூன்றாவது மாடியில் எவளோ ஒருத்தி கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். நேற்று சாயங்காலம் அண்ணிக்கு நெஞ்சு வலி வந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? வராத ஒருநாள் அவளை என்ன செய்யும் என்று பட்டவளுக்குத் தெரியும்.

"இந்த நேரத்துல எங்கம்மா கெளம்பிட்டே? பன்னெண்டரைக்கு வண்டி வந்துரும்," என்று மாமா முகம் சுளித்தார்.

"அண்ணி வேலை ஒண்ணு பாதியில நிக்குது மாமா."

கணவன் கார் சாவியை நீட்டினான்.

மூன்றாவது மாடியில் கதவைத் திறந்தவளுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். தலைவாரி எத்தனை நாளாயிற்றோ. தோளில் குழந்தை. இவளைத் தாண்டிப் படிக்கட்டை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா வரலையா?"

ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். அண்ணி பேரில் பொய் சொல்ல இவளுக்கு மனசு வரவில்லை.

"நேத்து சாயங்காலம் தவறிட்டாங்கம்மா."

அவள் அழவில்லை. குழந்தையை மறுதோளுக்கு மாற்றினாள்.

"மூணு வாரமா தெனமும் கூப்பிட்டாங்க. தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வரலாம் வான்னு. நான்தான் மாட்டேன்னுட்டேன்."

குழந்தையை வாங்க இவள் கையை நீட்டினாள். அவள் குழந்தையைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"எங்க வச்சிருக்காங்க?"

"வீட்டுலதான்."

அவள் கதவுக்குப் பின்னால் குனிந்து செருப்பைத் தேடினாள். ஒன்றுதான் அகப்பட்டது. இன்னொன்று அலமாரிக்கு அடியில் எங்கோ போயிருந்தது. தரையில் படுத்து, கையை நீட்டித் துழாவி எடுத்தாள்.