மூன்றாவது சுற்றில் பூஜ்யம்

என் வீட்டுக்காரர் வேதநாயகத்தை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். சீட்டுக்கட்டு என்றால் மட்டும் விடிவதற்குள் தயாராகிவிடுவார். சூதாட அல்ல, எண்ணுவதற்கு.

பிளாக்ஜேக் ஆட்டத்தில் சீட்டு எண்ணும் முறை அது. இரண்டு முதல் ஆறு வரை விழுந்தால் ஒன்று கூட்ட வேண்டும். பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ் விழுந்தால் ஒன்று கழிக்க வேண்டும். ஏழு, எட்டு, ஒன்பதுக்குக் கணக்கே கிடையாது. கூட்டல் ஏற ஏற, பெரிய சீட்டெல்லாம் இன்னும் கட்டுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது பந்தயத்தை உயர்த்தலாம். வாலிபத்தில் தொழிற்சாலைக் கூட்டாளிகளோடு மலைமேல் கேசினோவுக்குப் போய் வந்தவர்தான். விழுந்த சீட்டை உடனுக்குடன் திரும்பக் கலைக்கும் மெஷின் வந்த பிறகு, இனி எண்ணிப் புண்ணியமில்லை என்று போவதை நிறுத்திக்கொண்டார். எண்ணுவதை நிறுத்தவில்லை. தவக்காலத்தில்கூட, "காசு வெக்கலன்னா பாவம் இல்லலா" என்று உட்கார்ந்துவிடுவார்.

முழுக்கட்டையும் எண்ணி முடித்தால் பூஜ்யம் வர வேண்டும். எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பது என் வேலை. முப்பது வருஷம் எதிரில் உட்கார்ந்ததில் எனக்கும் எண்ண வந்துவிட்டது. அது அவருக்குத் தெரியாது.

போன மாதம் மகள் கிளாரிஸை வேலையிலிருந்து கூட்டிவர பாயான் லெப்பாஸுக்குக் காரில் கிளம்பினார். அவரே முப்பது வருஷம் வேலைக்குப் போய் வந்த பாதை. இரண்டு மணி நேரம் கழித்து கெப்பாலா பத்தாஸிலிருந்து போன் செய்கிறார். தீவை விட்டுக் கடல் பாலத்தைத் தாண்டி அக்கரைக்கே போயிருக்கிறார், எப்படி என்று அவருக்கே தெரியவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று நான் சமாளித்தேன். கிளாரிஸ் விடவில்லை.

"அப்பாகிட்டேர்ந்து காடி சாவிய வாங்கி வெச்சிருங்கம்மா."

அன்றைக்குக் கோபத்தில் குதித்தவர், நேற்று மத்தியானம் தானாகவே சாவியையும் சீட்டுக்கட்டையும் மேசையில் வைத்தார். "மூணு தடவ எண்றேன். மூணும் சரியா வந்தா சாவி எனக்கு. ஒண்ணு தப்புனாலும் உனக்கு. சரியா அமலா?"

சரி என்றேன். சாவி போனால் மனுஷன் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுவாரே என்று எனக்குப் பயம். சாவி இருந்தால் எங்கே போய் மோதுவாரோ என்று அதைவிடப் பயம்.

முதல் சுற்று, பூஜ்யம். இரண்டாவதும் பூஜ்யம். ஆனால் கடைசிப் பத்துச் சீட்டில் அவர் கண் சீட்டிலேயே இல்லை, என் முகத்தில் இருந்தது. விடை பூஜ்யம் என்று தெரிந்தவன் எண்ணுவானேன்? எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாவது சுற்றுக்கு நான்தான் கலைத்தேன். அவர் தண்ணீர் குடிக்க எழுந்தபோது ஒரு ராஜாவை உருவி மடியில் மறைத்துக்கொண்டேன். இனி கட்டு ஒன்றில்தான் முடியும். கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, அதைத்தான் செய்தேன்.

இந்தத் தடவை மெதுவாக எண்ணினார். கடைசிச் சீட்டை வைத்துவிட்டு, விரலால் கட்டின் ஓரத்தைச் சரிசெய்தார். அப்புறம், "பூஜ்யம்" என்றார்.

ராஜாவை எடுத்து மேசையில் வைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு ஒண்ணுதான் வந்துச்சு," என்றார்.

"அப்ப ஏங்க பூஜ்யம்னு சொன்னீங்க?"

"கட்டுல சீட்டு கொறையும்னு தோணவே இல்ல. எம் மண்டையிலதான் கொறையுதுன்னு நெனச்சிட்டேன்."

அவர் சமாளிக்கிறாரா, உண்மையைச் சொல்கிறாரா என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது. போன மாதத்திலிருந்து அவர் எதைச் செய்தாலும் பின்னாலேயே போய்ச் சரிபார்த்தவள் நான்தானே. அடுப்பு, மாத்திரை, கதவு, ஒன்றையும் விடவில்லை. பாதி நேரம் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். சரியாக இருந்ததை ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை.

சாவியை அவர் பக்கம் தள்ளினேன். "எடுத்துக்குங்க. நீங்க எண்ணுனது சரிதானே."

"எண்ணுனது சரிதான்." அவர் சாவியைத் தொடவில்லை. "நாளைக்கு சிக்னல்ல பச்ச விழும். அது பச்சதானான்னு நான் யோசிச்சிக்கிட்டு நிப்பேன். பின்னால லோரி வரும்லா. நீயே வெச்சிக்க."

நான் அழுதேன். அவர் அழவில்லை. எழுந்து போய், எப்போதும்போல் வெளியே கிளம்பச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, கிளாரிஸை இன்றைக்கு யார் கூட்டிவருவது என்று என்னிடம் கேட்டார்.