கடைசிச் சிவப்புப் பெட்டி

கோபத்தில் அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறவள் பார்த்துப் பார்த்தா பெட்டி எடுப்பாள்? கைக்கு எட்டியது ரேக்கில் இருந்த சிவப்புச் சக்கரப் பெட்டி. எங்கள் முன்னறை முழுக்கப் பெட்டிதான். நானும் இவரும் பயணப் பெட்டிகளை மூன்று இணையதளங்களில் விற்கிறோம். இவர் என்றால் என் வீட்டுக்காரர்.

சண்டை என்னவென்றால், எந்தப் பெட்டி எத்தனை இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு சாஃப்ட்வேர் வைத்திருக்கிறோம். ஒரு தளத்தில் ஒன்று விற்றால், மற்ற இரண்டிலும் அதுவே குறைத்துவிடும். ஆனால் உடனே அல்ல, ஆற அமரத்தான். அதற்குள் அதே கடைசிப் பெட்டியை வேறு தளத்தில் வேறொருவர் வாங்கிவிடுவார். இருப்பது ஒன்று, வாங்கியவர் இருவர். யாராவது ஒருவருக்கு ஆர்டரை ரத்து செய்தாக வேண்டும். இப்படி இரண்டு முறை ஆகிவிட்டது. இன்னொரு முறை ரத்து செய்தால் உங்கள் கடையையே மூடிவிடுவோம் என்று பெரிய தளத்துக்காரன் கறாராகச் சொல்லிவிட்டான்.

“எப்பவும் இருக்கறதுல ஒண்ணு கம்மியா போட்டு வைங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே!” என்றேன்.

“இருக்கறத இல்லைன்னு சொன்னா பொய் இல்லையா?”

“இல்லாதத இருக்குன்னு வித்தீங்களே, அது மட்டும் அரிச்சந்திரன் பேச்சா?”

“சாஃப்ட்வேர் அப்படித்தானே காட்டுச்சு!”

“அப்போ அதோடவே குடும்பம் நடத்துங்க. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்.”

இவர் தடுக்கவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ‘போகாதே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருக்கும் முத்து உதிர்ந்துவிடுமா? முன்னறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு மாடிக்கு ஏறிவிட்டார். மாடியில் ஒரு டெய்லர் குடியிருக்கிறார். கீழே இடி இடித்தால் இவர் ஒதுங்குவது அங்கேதான்.

நான் துணிகளைத் திணித்தேன். சீப்பு, தைலம், ஒளித்து வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட். மனுஷன் நிம்மதியாக டிவிகூடப் பார்க்கக் கூடாது என்று ரிமோட் பேட்டரியையும் கழற்றிப் போட்டேன். ஜிப்பை இழுக்க, பெட்டி மேல் ஏறி உட்கார வேண்டியிருந்தது.

அப்போது மேஜை மேல் கம்ப்யூட்டர் ‘டிங்’ என்றது. பெரிய தளத்தில் ஆர்டர். சிவப்புச் சக்கரப் பெட்டி, ஒன்று. மாலைக்குள் அனுப்பியாக வேண்டும்.

எட்டி ஸ்டாக்கைப் பார்த்தேன். சிவப்பில் இருந்ததே ஒன்றுதான். ஆயிரம் தப்பு செய்யும் சாஃப்ட்வேர் இந்தத் தடவை சரியாகத்தான் சொல்லியிருந்தது. அந்த ஒன்றின் மேல்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

மூடினால் மூடட்டும் என்று வாசல் வரை இழுத்துக்கொண்டு போனேன். அதற்கு மேல் கால் நகரவில்லை. முதல் பெட்டி விற்ற அன்று, ஊருக்குப் போகும் சொந்தக்காரரை வழியனுப்புவது போல, கூரியர் வண்டி தெருமுனை திரும்பும் வரை நாங்கள் இருவரும் இதே வாசலில் நின்று கையாட்டினோம். இவர் கடை மட்டுமா இது, மூடட்டும் என்று விட? என் கடையும்தானே.

தலையெழுத்தே என்று திரும்பி வந்து எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினேன். பெட்டியைத் துடைத்து, உறை மாட்டி, டேப் ஒட்டினேன். நீலப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் எனக்கு மூட்டை கட்ட முடியும்.

டெய்லர் படியிறங்கி வந்தார். “எதுக்குக்கா டேப்பெல்லாம்? மாடிக்குத்தானே, நானே தூக்கிட்டுப் போறேன்.”

“எதை மாடிக்கு?”

“சிவப்புப் பெட்டியத்தான். உங்க வீட்டுக்காரர்தானே ஆர்டர் போடச் சொன்...” என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவர் முதுகுக்குப் பின்னால் இவர்.

“அடப்பாவி மனுஷா! போகாதேன்னு வாயத் திறந்து சொல்லக் கூடாதா?”

“நான் சொன்னா நீ கேப்பியா? ஆர்டர் வந்தா கேப்ப. ரேக்குல பார்த்தேன், சிவப்பு மட்டும் காணோம். அதத்தான் நீ எடுத்திருக்கேன்னு புரிஞ்சுது.”

கல்யாணமான நாளிலிருந்து இவர் கம்ப்யூட்டர் திரையை விட்டு ரேக்கைப் பார்த்தது அன்றுதான்.

“நான் பாட்டுக்குப் போயிருந்தா? கடைய மூடியிருப்பானே!”

“நீயே போனப்புறம் கடை எதுக்கு?”

கண் கலங்கியது. விட்டால் மனுஷனுக்குத் தலைக்கேறிவிடும் என்று கம்ப்யூட்டரைக் காட்டினேன். “எல்லாத்துலயும் ஒண்ணு கம்மி பண்ணுங்க. இப்பவே.”

உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குறைக்க ஆரம்பித்தார். டெய்லர் பெட்டியைத் தூக்கிக் காதோரம் ஆட்டிப் பார்த்தார்.

“உள்ள ஏதோ கடகடங்குதேக்கா?”

பிரித்துப் பார்த்தால் இரண்டு பேட்டரி. இவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். “ரிமோட் பேட்டரியையுமா எடுத்துக்கிட்டுக் கிளம்பின?”

மானம்தான் போயிற்று. நான் போகவில்லை.