யாருக்குப் பத்தியம்

ஜேசுதாஸுக்கு உடம்பெல்லாம் தடிக்கத் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. சாப்பிட்டு அரைமணி நேரத்தில் கழுத்தில் ஆரம்பிக்கும். பிறகு முதுகு, வயிறு என்று சிவந்து திரண்டு நிற்கும். கருங்கல் சந்தை அருகே பெயின்ட் கடை வைத்திருந்தவர், வாடிக்கையாளர் முன்னால் முதுகை அலமாரியில் உரசிக்கொண்டு நிற்பார். மாத்திரை போட்டால் அடங்கும். நிறுத்தினால் மறுபடி வரும். கடைசியில் அவருடைய மனைவி பூங்கனிதான் அவரை மார்த்தாண்டத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

பால், கோதுமை, மைதா, முட்டை, மீன், இறால், நிலக்கடலை எல்லாவற்றையும் நான்கு வாரம் நிறுத்த வேண்டும் என்றார் டாக்டர். தடிப்பு அடங்கினால், அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்கலாம்.

"நடுவுல ஒரு துண்டு சாப்பிட்டாலும் முதல்ல இருந்து தொடங்கணும்" என்றார்.

"மீனுமா?" என்று கேட்டார் ஜேசுதாஸ்.

பூங்கனி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அன்று மாலையே ஒரு நோட்டில் கோடு போட்டாள்: தேதி, காலை, மதியம், இரவு, தடிப்பு. எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கிறவளுக்கு இரண்டு சமையல் முடியாது. ஆகவே அவளும் அதையேதான் சாப்பிட்டாள். மரச்சீனிக் கிழங்கு, பயறு, கீரை, வாழைக்காய், சோறு. ஒரு நாளைக்கு நான்கு டம்ளர் பால்சாயா குடித்துப் பழகிய வாயில் பால் சேராத கட்டன்சாயா கஷாயம்போல இறங்கியது.

"ஏட்டி, இது மனுசன் திங்கியதா? நான் என்ன ஆடா?" என்றார் ஜேசுதாஸ், கீரையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளியபடி.

"நாலு வாரம்தான். மிண்டாம தின்னுங்க."

முதல் வாரம் தடிப்பு குறையவில்லை. இரண்டாம் வாரமும் அப்படியே. பூங்கனிக்குத் தன் சமையல்மீதே சந்தேகம் வந்தது. அடுக்களையில் இருந்த ஒவ்வொரு டப்பாவையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். பெருங்காயப்பொடியில் மைதா கலந்திருக்கிறது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. தூக்கி எறிந்தாள். அப்படியும் தடித்தது. கத்தரிக்காயை நிறுத்தினாள், புளியை நிறுத்தினாள். கடைசியில் தேங்காயையும் நிறுத்தினாள். தேங்காய் இல்லாமல் என்ன குழம்பு வைப்பது என்று தெரியாமல் ஒரு காலைப்பொழுது முழுக்க அடுப்பின் முன் எரிச்சலோடு நின்றாள். நோட்டில் தடிப்புக்கான கட்டத்தில் மட்டும் தினமும் 'உண்டு', 'உண்டு' என்றே விழுந்தது.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை பள்ளிப் பிள்ளைகளை வட்டக்கோட்டைக்கு அழைத்துப் போனார்கள். பூங்கனி வருஷாவருஷம் ஏதாவது சாக்குச் சொல்லி நின்றுவிடுவாள். காலையில் அவளுக்கு வயிறு இரையும். பள்ளிக்கூடத்தைத் தாண்டித் தூரமாகப் பஸ் ஏறினால் எப்போது இறங்கி ஓட வேண்டியிருக்குமோ என்று பயம். படபடப்புத்தான் காரணம் என்று இருபது வருஷமாக நம்பியிருந்தாள். இம்முறை தலைமையாசிரியை ஜெபகனி விடவில்லை. வேண்டாவெறுப்பாக ஏறினாள். கோட்டைமேல் பிள்ளைகளைத் துரத்தி, கடற்காற்றில் கத்தி, பொழுது சாய வீடு திரும்பினாள். படுக்கும்போதுதான் அன்று முழுக்க வயிற்றைப் பற்றிய நினைப்பே வரவில்லை என்பது உறைத்தது. அதை ஜேசுதாஸிடம் சொல்ல வாயெடுத்தாள். அவர் முதுகைச் சொறிந்துகொண்டு திரும்பிப் படுத்துவிட்டார்.

மறுநாள் காய்கறி வாங்கச் சந்தைக்குப் போனாள். பெயின்ட் கடைக்கு எதிரே சாயாக்கடை வைத்திருக்கும் கிளாரா கூப்பிட்டாள்.

"டீச்சர், அண்ணனுக்கு உடம்பு எப்பிடி உண்டு? வீட்டுச் சாப்பாடு இறங்கல்லன்னு சொல்லி, பாவம், இப்ப ரெண்டு பழம்பொரி கூடுதலா திங்காரு."

பழம்பொரி என்றால் மைதாமாவில் முக்கிப் பொரித்த நேந்திரம்பழம். பூங்கனி பையை அங்கேயே வைத்துவிட்டுச் சாலையைக் கடந்தாள்.

"பழம்பொரி தின்னியளா?"

ஜேசுதாஸ் பெயின்ட் டப்பாக்களைப் பார்த்தார். "ஒண்ணுதான், கேட்டியா."

"தினமுமா?"

"ஞாயித்துக்கெழம கட கெடையாதுல்லா."

"சாயா?"

அவர் ஒரு டப்பாவை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

"நான் காயத்தத் தூக்கி எறிஞ்சேன். தேங்காய நிறுத்தினேன். எனக்க சாயாவ விட்டேன். இருவது நாளா கண்ணாடி போட்டு எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டிருக்கேன், நீங்க இஞ்ச பழம்பொரி தின்னிட்டு இருக்கியளா?"

கடைக்கு வந்தவர் ஒருவர் மெல்லப் படியிறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, வழியில் வாங்கிய பாலைக் காய்ச்சினாள். இனி யாருக்காகப் பத்தியம்? சர்க்கரை தூக்கலாகப் போட்டு இரண்டு டம்ளர் சாயாவை நின்றபடியே குடித்தாள். ஒரு மணி நேரம் ஆகவில்லை. வயிறு இரைந்து, முறுக்கி, குளியலறைக்கும் கட்டிலுக்குமாக நான்கு தடவை நடந்தாள். ஐந்தாவது தடவை திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தபோது அவளுக்கு விளங்கியது. படபடப்பும் இல்லை, பயமும் இல்லை. பால்தான்.

சந்தோஷம் வரவில்லை. இருபது வருஷம் போகாத ஊர்களும், பாதியில் எழுந்து வந்த கல்யாண வீடுகளும் நினைவுக்கு வந்து அழுகைதான் வந்தது.

டாக்டர் அவள் சொன்னதைக் கேட்டு, நோட்டையும் பார்த்துவிட்டு, இன்னொரு தடவையும் பால் குடித்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தாள். சந்தேகமே இல்லை. "உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. இவருக்குத்தான் முதல்ல இருந்து" என்றார்.

"செய்யட்டும். சமையலும் அவருதான்" என்றாள் பூங்கனி.

ஜேசுதாஸ் சமைத்தார். பயறு அடிப்பிடித்தது, மரச்சீனி வேகவில்லை. தான் கிண்டியதைத் தானே தின்ன வேண்டியிருந்ததாலோ என்னவோ, இந்தமுறை ஏமாற்றவில்லை. பத்தாம் நாள் தடிப்பு அடங்கியது. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தபோது மீனால் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வறுத்த சாளையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கண் கலங்கியதைப் பூங்கனி பார்க்காததுபோல இருந்தாள். கோதுமைதான் அகப்பட்டது. சப்பாத்தி தின்ற அன்றே கழுத்து சிவந்தது.

பள்ளியில் இடைவேளைச் சாயாவை வேண்டாம் என்று பூங்கனி சொன்னபோது எல்லோரும் காரணம் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கினாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஜெபகனி சொன்னாள்:

"அதெல்லாம் செரி டீச்சர். ஒரு நாலு நாளு ஆட்டுப்பால் குடிச்சுப் பாக்கியளா?"