தரை: மண்

பஸ்டர் குரைத்த குரைப்பில் சமையலறை ஜன்னலே அதிர்ந்தது. ஆர்டித் எட்டிப் பார்த்தாள். கவுண்டி முத்திரை போட்ட வெள்ளை வண்டி சரளையை நெரித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றது.

"வந்துட்டாங்க! அந்தத் துருப்பிடிச்ச குளியல் தொட்டி ரோட்டுலருந்து தெரியுதுல்ல?" என்று கேட்டபடி டுவெய்ன் உள்ளே ஓடி வந்தான்.

"பூட்ஸு!" என்றாள் ஆர்டித். கல்யாணமான நாளிலிருந்து சொல்கிற சொல். அவன் காதில் விழுந்ததாகச் சரித்திரம் இல்லை. சேறு கூடம் வரைக்கும் வந்தது.

தெற்கு ஓஹையோவில் அந்தப் பக்கத்தில் இது ஒரு வழக்கம். ஆறு வருஷத்துக்கு ஒருமுறை கவுண்டிக்காரர்கள், அதாவது மாவட்ட நிர்வாகத்தார், வீடு வீடாக மறுமதிப்பு போட வருவார்கள். மதிப்பு ஏறினால் வரியும் ஏறும். ஆகவே அந்த வருஷம் யாரும் வீட்டு முகப்புக்குப் பெயின்ட் அடிப்பதில்லை. பின்பக்கம் கிடந்த ஓட்டை உடைசல்கள் முன்பக்கம் வந்துவிடும். உடைந்த படிக்கட்டு உடைந்தே இருக்கும். வண்டி போன மறுமாதம் கடைகளில் வெள்ளைப் பெயின்ட் கிடைக்காது.

வண்டியிலிருந்து இறங்கியவள் மார்லா, கவுண்டியின் மதிப்பீட்டாளர். வீட்டைச் சுற்றி வந்து, பின்னால் ஓடையைப் பார்த்து நீண்டிருந்த கூரையை அண்ணாந்து பார்த்தாள். "இது எங்க பதிவுல இல்லையே. என்ன இது?"

"அதுவா மேடம்? கண்டதையும் போட்டு வைக்கிற கொட்டகை. உள்ள வெறும் மண்ணு. எலி ஓடும்" என்றான் டுவெய்ன்.

"உள்ள போய்ப் பாக்கலாமா?"

"வேணாம்ங்க. நம்ம நாய் ஆளு பாத்துக் கடிக்காது. எல்லாரையும் கடிக்கும்."

மார்லா சிரித்தாள். வீட்டுக்காரர் விடாவிட்டால் உள்ளே போக அவளுக்கு அதிகாரம் கிடையாது. எதையோ குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆர்டித் கையில் காப்பிக் கோப்பையோடு கதவருகே நின்றாள். காப்பி ஆறிப்போயிருந்தது.

அந்தக் 'கொட்டகை'யைக் கட்டியவள் அவள்தான். டுவெய்ன் லாரி ஓட்டிக்கொண்டு ஜார்ஜியா, டென்னஸி என்று வாரக்கணக்கில் போய்விடுவான். அப்போது அவள் காலையில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் சுத்தியலை எடுப்பாள். சுவர், ஜன்னல், கூரை எல்லாம் அவள் கைதான். தரைக்கு, பக்கத்துப் பண்ணையில் சரிந்து விழுந்த, புகையிலை உலர்த்தும் கொட்டாரத்தின் ஓக் பலகைகளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக இழைத்து, மீன்முள் வரிசையில் பதித்தாள். பாதி அறை முடிந்தபோதுதான் முதல் வரிசையே கோணல் என்று தெரிந்தது. கம்பளம் போட்டு மறைத்திருக்கலாம். அவளால் முடியவில்லை. அழுதாள், அத்தனையையும் பெயர்த்து எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். மாலை வெயில் ஓடையில் பட்டுத் திரும்பி அந்தத் தரையில் விழும்போது பலகைகள் தேன் நிறத்துக்கு மாறும். வேலை முடிந்த வெள்ளிக்கிழமை டுவெய்ன் வெளியூரிலிருந்து வந்தான். வாசலில் ஒரு கணம் நின்றான். "நல்லாருக்கு" என்றான். பூட்ஸோடு குறுக்கே நடந்து போய் டிவியில் கால்பந்தாட்டத்தைப் போட்டான்.

இலை உதிரும் காலத்தில் புது மதிப்பு தபாலில் வந்தது. டுவெய்ன் ஆடாத குறைதான். பக்கத்துப் பண்ணை ஆர்வல் பிஸ்டர் தன் கடிதத்தை ஆட்டிக்கொண்டு வந்தார். "என் வீட்டுக்கு மாளிகை ரேட்டு போட்டுட்டாங்க மாப்ளே! நீ மட்டும் எப்படிடா தப்பிச்ச?"

"எல்லாம் குளியல் தொட்டி மகிமை!"

ஆர்டித் சிரிக்கவில்லை. கவுண்டியின் இணையப் பக்கத்தில் தங்கள் வீட்டைத் தேடிப் பார்த்தாள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பின்புறம்: கொட்டகை. நிலை: மோசம். தரை: மண்.

கடைசி வரியை அவள் விரல் நுனியால் தொட்டாள், அழிந்துவிடும் என்பதுபோல.

ஆட்சேபம் கேட்கும் நாளன்று கவுண்டி அலுவலகக் கூடம் நிரம்பி வழிந்தது. ஒழுகும் கூரைப் படங்களோடு ஆர்வல் காத்திருந்தார். ஆர்டித் எதற்குப் போகிறாள் என்று புரியாமலே டுவெய்னும் கூட வந்திருந்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் மார்லா.

"மதிப்பு தப்பா இருக்கு" என்றாள் ஆர்டித்.

"காலையிலருந்து எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. எவ்வளவு குறைக்கணும்?"

"குறைக்க வேணாம். ஏத்தணும்."

ஆர்வலின் கையிலிருந்த படங்கள் நழுவின. டுவெய்ன் குனிந்து, "மேடம், காலையில இவ ஒண்ணும் சாப்பிடல, அதான்" என்றான்.

"முட்டையும் ரொட்டியும் சாப்ட்டேன். தெளிவாத்தான் இருக்கேன். பின்னாடி இருக்கறது அறை. நான் கட்டினது. தரை ஓக்கு."

"வரி கூடுமே. வருஷா வருஷம்."

"என் பள்ளிக்கூடப் பென்ஷன்லருந்து கட்டிக்கறேன். அந்த மண்ணு போகணும்."

மார்லா திரையைப் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள். "நாங்களா எழுதலம்மா. முன்பக்கம் தொட்டி கிடக்குற வீடெல்லாம் எப்படின்னு எங்களுக்குத் தெரியும். ஆனா உள்ள பாக்காத எடத்துக்கு, வீட்டுக்காரர் சொன்னதத்தான் எழுத முடியும்."

ஆர்டித் திரும்பிக் கணவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள், இந்தக் கூட்டத்தில் அழ அவளுக்கு இஷ்டமில்லை.

"அடுத்த வாரம் வந்து பாக்கறேன். வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு" என்ற மார்லா, டுவெய்னைப் பார்த்தாள். "இந்தத் தடவை உள்ள விடுவீங்களா?"

அவன் தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான். வீடு திரும்பும் வழியெல்லாம் ரேடியோதான் பேசியது.

அடுத்த வாரம் பஸ்டர் மறுபடி குரைத்தது. ஆர்டித் கூப்பிட்டுப் பார்த்தாள், டுவெய்னைக் காணோம். ஆர்வல் வீட்டில் போய் ஒளிந்துகொண்டிருப்பான், ஒளியட்டும் என்று நினைத்துக்கொண்டு தானே முன்வாசலுக்குப் போனாள். முற்றத்தில் குளியல் தொட்டி இல்லை. அது கிடந்த இடத்தில் புல் வெளுத்து, நீள்வட்டமாகத் தெரிந்தது.

மார்லா அதற்குள் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போயிருந்தாள். ஆர்டித் தான் கட்டிய அறை வழியாக விரைந்தாள்.

வெளிக்கதவைத் தோளால் திறந்துபிடித்தபடி டுவெய்ன் நின்றிருந்தான், ஒரு கையில் நாயின் கழுத்துப்பட்டை. மார்லா படியில் கால் வைத்ததும் மறுகையைக் குறுக்கே நீட்டித் தடுத்தான். ஆர்டித் பாதி அறையில் நின்றுவிட்டாள். இன்னொரு பொய்யா? அப்போதுதான் அவன் காலைப் பார்த்தாள். வெறும் காலுறை. கட்டைவிரல் பக்கம் ஓட்டை. சேற்று பூட்ஸ் இரண்டும் வெளிப்படியில் ஜோடியாக நின்றன.

"தப்பா நெனச்சுக்காதீங்க மேடம்" என்றான் டுவெய்ன். "பூட்ஸக் கழட்டிட்டு வாங்க. இது என் பொண்டாட்டி போட்ட தரை."