சம்பந்திக்குப் போட்ட அரை மருந்து

நான் அருவங்காடு வெடிமருந்து பேக்டரியில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன். இதில் பொய் ஒன்றும் கிடையாது. எந்த செக்‌ஷன் என்று கேட்டால்தான் தொண்டை கட்டிக்கொள்ளும். கேன்டீன் செக்‌ஷன். காலை ஷிப்டுக்கு நானூறு டம்ளர் டீ, மாலை ஷிப்டுக்கு முன்னூறு. மருந்து அரைக்கிற பக்கம் நான் தலைவைத்துப் படுத்ததுகூட இல்லை.

பதினொரு வருடத்துக்கு முன்னால் என் மகள் கெஸியாவைப் பெண் பார்க்க டக்ளஸ் தன் மகன் சுபினோடு வந்தார். கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ பேக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். டீத்தூளின் சாதியை நாக்கிலேயே சொல்லிவிடும் மனிதர். நான் போட்டுக் கொடுத்த டீயை ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் உருட்டி, கண்ணை மூடி யோசித்தார். "தூள் பரவால்லீங்க. கொதி கொஞ்சம் ஓவர்" என்றார். அந்த மனிதரிடம் போய், இதுதான் ஐயா என் பிழைப்பு என்று எந்த வாயால் சொல்வது? "சம்பந்தி பேக்டரில எந்த செக்‌ஷனுங்க?" என்று கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மருந்துங்க."

சமையலறைக்குள் என் மனைவி தபித்தாள் இருமினாள். அன்று தொடங்கிய இருமல். பேக்டரிப் பேச்சை நான் எடுக்கும்போதெல்லாம் அவளுக்கு இருமல் வரும்.

டக்ளஸின் வீட்டில் ஒரு துப்பாக்கி உண்டு. மேக்னம் என்பார். யானையைச் சாய்ப்பதற்கென்று செய்த ரைபிள். அவர் அப்பாவுக்கு எஸ்டேட் துரை கொடுத்துவிட்டுப் போனதாம். லைசென்ஸ், ரசீது எல்லாம் பக்காவாக இருக்கிறது. வேட்டை ஒழிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இப்போது அதைக் காகிதத்தை நோக்கித்தான் சுட முடியும், அதுவும் எங்கள் ரைபிள் கிளப்பில்தான். போன வருடம் சுபின் ஆசைப்பட்டு ஒரே ஒரு ரவுண்டு சுட்டான். அது பின்னால் உதைத்த உதையில் தோள்பட்டை மாங்காய் மாதிரி வீங்கி, ஒரு வாரம் இடது கையால் சோறு தின்றான். என் மகள் என்னிடம் போனில் மாமனாரைத் திட்டிய திட்டை நான் இங்கே எழுத முடியாது.

இத்தனைக்கும் பிறகு டக்ளஸ் சும்மா இருந்தாரா? கிளப் கமிட்டியில் எழுந்து நின்று, "இந்த வருஷப் போட்டில அஞ்சு ரவுண்டு நானே மேக்னத்துல சுடறேன்" என்று அறிவித்துவிட்டார். அறுபத்தெட்டு வயது! அப்புறம் என்னிடம் வந்தார்.

"சம்பந்தி, உதை கம்மியா இருக்கற மாதிரி தோட்டா போட்டுத் தரோணும். மருந்து செக்‌ஷன் ஆளு நீங்க இருக்கையில நான் வேற யாருகிட்டப் போறது?"

கிளப்பில் தோட்டா போடுவதற்கென்று அனுமதி வாங்கிய ஒரு அறை உண்டு. சுட்டு முடித்த தோட்டாக் கூட்டை எடுத்துச் சுத்தம் செய்து, அடியில் பொறி தட்டுகிற கேப்பு வைத்து, மருந்தை அளந்து கொட்டி, குண்டை அழுத்தி மூடுவது அங்கேதான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த நல்லசாமி போன வருடம் கோயமுத்தூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். அவருடைய இடத்தில் யாரைப் போடுவது என்று அதே கூட்டத்தில் கமிட்டி கேட்டபோது, டக்ளஸ் என் பெயரைச் சொல்ல, எல்லோரும் கை தட்டி, பதிவேட்டில் எழுதியே விட்டார்கள். ஒருவராவது சான்றிதழ் கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. அருவங்காட்டுக்காரன் என்றால் பிறக்கும்போதே மருந்து மூட்டையோடு பிறந்தவன் என்று இந்த மலையில் ஒரு நினைப்பு.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். மானம் விடவில்லை.

நல்லசாமியின் நோட்டில் அந்த மேக்னத்துக்கு உண்டான அளவு இருந்தது. நான் யோசித்தேன். டீ கடுப்பாக இருந்தால் என்ன செய்வோம்? தூளைக் குறைப்போம். உதையும் அப்படித்தானே? பாதியாக்கினேன். சம்பந்தியின் வயதை நினைத்து இன்னும் ஒரு சிட்டிகை எடுத்துவிட்டேன். அவர் என் மகளின் மாமனார் அல்லவா! ஐந்து தோட்டாக்கள். துடைத்துப் பளபளவென்று ஆக்கி, தபித்தாளின் ஏலக்காய் டப்பாவில் அடுக்கி, சிவப்பு ரிப்பன் கட்டி, போட்டிக்கு முந்தின நாள் டக்ளஸின் கையில் கொடுத்தேன். அவர் டப்பாவைத் திறந்து பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று. மகிழ்ச்சியில்தான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை நான் சட்டையை மாட்டிக்கொண்டிருக்கும்போது தபித்தாள் வாசலை மறித்து நின்றாள். இருமவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏனுங்க, அந்த நல்லசாமியண்ணனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டீங்களா?"

"என்ன கேக்கறது? எனக்குத் தெரியாததா?"

"உங்களுக்கு என்ன தெரியும்னு எனக்குத் தெரியும். போடுங்க போனை."

போட்டேன். நல்லசாமிக்கு என்னை அடையாளம் தெரிந்ததே தப்பு. பேக்டரியில் நிஜமாகவே மருந்து செக்‌ஷனில் இருந்தவர் அவர்.

"அடடே, நம்ம டீ மாஸ்டருங்களா! சொல்லுங்க, நல்லா இருக்கீங்களா?"

பாதி மருந்து போட்டதைச் சொன்னேன்.

"யோவ்!" என்றார். எழுபது வயது மனிதர் என்னை யோவ் என்றார். "கொறைச்சா உதை கொறையும்னு உனக்கு எவன்யா சொன்னான்? இது என்ன டீத்தூளா? குண்டு பாதிக் குழல்லயே நின்னு போச்சுன்னா, அடுத்த குண்டு போய் அது முதுகுல முட்டும். இல்லைன்னா கூட்டுக்குள்ள காலி எடம் கெடந்து, மருந்து ஒரே அடியாப் பத்திக்கும். எப்படிப் பாத்தாலும் குழல் மூஞ்சிலதான் வெடிக்கும். உதை கம்மி பண்றதுக்கு வேற மருந்து இருக்குது, அதுக்குன்னு அளந்து சோதிச்ச கணக்கு இருக்குது. ஓடு! ஓடிப் போய் நிறுத்து!"

டக்ளஸுக்குப் போன் செய்தேன். சுவிட்ச் ஆப். போட்டியன்று எல்லாப் போனையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். என் மகளின் மாமனார். என் பேரப்பிள்ளைகளின் தாத்தா. என் வாய்க்கொழுப்பால் அந்த மனிதரின் முகம் போய்விட்டால் நான் எந்த முகத்தோடு இருப்பேன்?

பஸ் ஏறினேன். இரண்டாவது வளைவில் பஸ் நின்றது. நடு ரோட்டில் காட்டெருமை. அதுபாட்டுக்கு நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஹாரன் அடிக்கச் சொன்னேன். "அடிச்சா அது கோவிச்சுக்குமுங்க" என்றார் டிரைவர். "எனக்குக் கோவம் வந்தா பரவால்லியா?" என்றேன். யாரும் மதிக்கவில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் கிளப்புக்கு டீ கொண்டுபோகிற வேனும் மாட்டிக்கொண்டு நின்றது. நான் இறங்கி, தேயிலைக் காட்டுக்குள் குறுக்கே ஏறினேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாக்கள் காட்டெருமை துரத்துகிறது என்று நினைத்துக் கூடையோடு ஓடினார்கள்.

நான் மேலே போய்ச் சேரும்போது டக்ளஸ் சுடும் மேடையில் குப்புறப் படுத்திருந்தார். மேக்னம் தோளில் இருந்தது. கோட்டுக்குள் தோள்பக்கம் புஸ்ஸென்று உப்பியிருந்தது. பேரனின் தலையணை. அதில் இருந்த முயல் காதுகூட வெளியே தெரிந்தது. அவர் உதடு ஜெபம் சொல்லி முணுமுணுவென்று அசைந்துகொண்டிருந்தது. மைதானப் பொறுப்பாளர் இந்துமதி விசிலை வாயில் வைத்திருந்தார். குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். அவர் முன்னால் கலெக்டர் வந்தாலும் வரிசையில்தான் நிற்பார்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

எங்கள் மைதானத்தில் ஒரு சட்டம் உண்டு. யார் வேண்டுமானாலும் நிறுத்து என்று கத்தலாம், கத்தினால் எல்லோரும் நிறுத்தியே ஆக வேண்டும். ஆனால் கத்தியவர் அந்த இடத்திலேயே எல்லோர் காதிலும் விழும்படி காரணம் சொல்ல வேண்டும். பதிவேட்டில் எழுதுவார்கள்.

இந்துமதி விசில் அடித்தார். எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். டக்ளஸ்தான் முதலில் வைத்தார்.

"காரணம் சொல்லுங்க" என்றார் இந்துமதி, பேனாவைத் திறந்துகொண்டு.

"காத்து... காத்து ஜாஸ்தியா இருக்குதுங்க."

இந்துமதி கொடியைப் பார்த்தார். கொடி துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரி தொங்கியது.

"நிஜமான காரணம்."

அறுபது பேர் என்னையே பார்த்தார்கள். மருந்து செக்‌ஷன் தேவநேசன் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார்கள். பதினொரு வருடமாகக் கட்டிக்காத்த பெயர். டக்ளஸ் தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்த முயல் காது என்னைப் பார்த்து ஆடியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அந்தத் தோட்டாவைச் சுட்டா குழல் வெடிச்சுருமுங்க. நான்தான் தப்பாப் போட்டேன். எனக்கு மருந்தும் தெரியாது, ஒரு மண்ணாங்கட்டியும் தெரியாது. நான் பேக்டரில டீ மாஸ்டருங்க. முப்பத்திரண்டு வருஷமும் டீதான் போட்டேன். சம்பந்திகிட்டப் பொய் சொன்னேன். எழுதிக்குங்க."

இந்துமதி எழுதினார். எல்லாவற்றையும் எழுதினார்.

டக்ளஸ் எழுந்து என்னிடம் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அது எனக்குத் தெரியாதாக்கும்!" என்று சீறினார். "கெஸியா கல்யாணத்தன்னைக்கு உங்க பேக்டரி ஆளுக ஒரு பஸ் நெறைய வந்தாங்க. ஒவ்வொருத்தனும் என் கையைப் புடிச்சு, எங்க டீ மாஸ்டர் பொண்ணு, நல்லாப் பாத்துக்குங்கன்னு சொல்லிட்டுப் போனானுங்க. பதினோரு வருஷமாத் தெரியும்."

"தெரிஞ்சுமா எங்கிட்டத் தோட்டா கேட்டீங்க?"

"தெரிஞ்சுதானுங்க கேட்டேன்!" அவர் குரல் அழுகைக்கு வந்துவிட்டது. "கமிட்டில வாய் தவறிச் சொல்லிட்டேன். அந்தச் சனியனைத் தொடவே எனக்குப் பயம். வேற யாரு அந்த எடத்துக்கு வந்தாலும் தோட்டா போட்டுக் குடுத்துருவாங்க, அதான் உங்க பேரைச் சொன்னேன். நீங்கன்னா ஏதாச்சும் சாக்குச் சொல்லி இழுத்தடிப்பீங்க, பழி உங்க மேல போகும், நான் தப்பிச்சுக்கலாம்னு நம்பினேன். நீங்க என்னடான்னா அஞ்சு தோட்டாவுக்கு ரிப்பன் கட்டி எடுத்துட்டு வரீங்க! ராத்திரி பூரா தூங்கலைங்க நானு!"

எனக்கு வந்த கோபத்தை அளக்க நல்லசாமியின் தராசு பத்தாது. என்னை நம்பாமல் என்னை நம்பியிருக்கிறார்! திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். முயல் காது மறுபடி கண்ணில் பட்டது. சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்துவிட்டார். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். இந்துமதி அதையும் எழுதினாரோ என்னவோ.

இந்துமதி என் பெயரை அங்கேயே பதிவேட்டிலிருந்து அடித்தார். தோட்டாக்களை டப்பாவோடு இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, நல்லசாமி வந்து பிரிக்கும் வரை யாரும் தொடக் கூடாது என்றார். "உங்க ரெண்டு பேரையும் என்ன பண்ணலாம்?" என்று கேட்கும்போதுதான், டீ வேன் காட்டெருமையிடம் மாட்டி நிற்கிற செய்தி வந்தது.

"நான் போடறேனுங்க" என்றேன்.

கிளப் சமையலறையில் பெரிய அண்டா இருந்தது. தூளை நான் அளக்கவே இல்லை, கை அளந்தது. கொதி எங்கே நிற்க வேண்டும் என்று காது சொன்னது. டக்ளஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு அறுபது பேருக்கும் கொடுத்தார். கடைசி டம்ளரைத் தனக்கு எடுத்தார்.

"சர்க்கரை பாதி போடுங்க சம்பந்தி. சுகர் இருக்குதுல்ல."

"பாதி போடற வேலையை இன்னையோட விட்டுட்டேனுங்க. ஒண்ணு முழுசு, இல்லைன்னா ஒண்ணுமே இல்லை."

ஒன்றுமே இல்லாமல் கொடுத்தேன். உறிஞ்சினார். நாக்கில் உருட்டினார். கண்ணை மூடினார். கொழுந்து மூட்டை மூட்டையாகப் பார்த்த அந்த மனிதர் வாயைத் திறக்கும் வரை நான் மூச்சு விடவில்லை.

"கொதி சரியா இருக்குது" என்றார்.

பக்கத்தில் யாரோ, டீ யார் போட்டது என்று கேட்டார்கள். மேக்னத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும்போது வைக்கிற அதே குரலில் டக்ளஸ் சொன்னார். "எங்க சம்பந்தி. பேக்டரில முப்பத்திரண்டு வருஷம் டீ மாஸ்டர்."

போனைத் திரும்ப வாங்கியதும் அவர் தபித்தாளைக் கூப்பிட்டு என் கையில் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இருமவே இல்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது.

"சரி, பத்தரமா ஊட்டுக்கு வாங்க" என்றாள். "வரும்போது என் ஏலக்காய் டப்பாவைக் கொண்டாந்துருங்க."

பூட்டிக் கிடந்த இரும்புப் பெட்டியை நான் பார்த்தேன்.

"கையிலதான் வெச்சிருக்கேன்" என்றேன்.