மூன்று விரல் பள்ளம்

க்ரோஸ்தானா ஊறவைக்கும் முட்டைக்கோஸ் புளிக்காது. ஹிசார்யா ஊருக்கே தெரிந்த சங்கதி அது. "உன் பீப்பாயில மீன் வளர்க்கலாம்டி" என்பாள், பூங்காவில் அவளோடு டிக்கெட் கிழிக்கும் ராட்கா.

அன்று காலை பூங்காவில், ரோமானியக் குளியல் கூடத்தின் இடிபாடுகளுக்குப் பக்கத்தில், உடைந்த கல்லறைக் கல் ஒன்றை நிமிர்த்தி வைத்தார்கள். கையில் புறாவோடு ஒரு குழந்தை. தலை இல்லை. தலையிருந்த துண்டு இருபத்தாறு வருடம் முன்பு திருடுபோனது. அதில் காவலாளி போஷானின் வேலை போயிற்று. கனத்த மூட்டையோடு அவன் வெளியே போனதைப் பார்த்தேன் என்று சாட்சி சொன்னவள் க்ரோஸ்தானாதான். மூட்டையில் இருந்தது கோஸ் என்றான் அவன். யாரும் நம்பவில்லை.

அகழாய்வுக்காரப் பெண் தலைத்துண்டின் பழைய புகைப்படத்தை நீட்டினாள். "பளிங்கு, அக்கா. இமை மயிர்கூடத் தெரியுது பாருங்க."

க்ரோஸ்தானா இமையைப் பார்க்கவில்லை. துண்டின் ஓரத்தில் ஒரு பள்ளம். வருடா வருடம் அவள் மூன்று விரல் நுழைத்துத் தூக்குகிற பள்ளம்.

வீட்டுக்கு எப்படி வந்தாளோ. நிலவறையில் பீப்பாயைத் திறந்து, கோஸை அமுக்கிக்கொண்டிருந்த கல்லைத் தூக்கிப் புரட்டினாள்.

முகம் இல்லை. மூக்கில்லை, வாயில்லை. தேய்ந்த சோப்புக்கட்டி போல வழவழவென்று இருந்தது. ஒரு காதுமடல் மட்டும் மிச்சம். கோஸின் புளிப்பைப் பளிங்கு குடித்திருந்தது; பளிங்கைப் புளிப்பு தின்றிருந்தது.

படியில் அவள் புருஷன் வெல்கோ நின்றான்.

"ஆத்துக்கல்லுன்னு சொன்ன."

"கல்லு கல்லுதானேடி. கோஸ் மிதக்குதுன்னு நீதான தினம் புலம்புன? தட்டையா கிடந்துச்சு, எடுத்தேன்."

"போஷான்?"

"செங்கல் சூளைக்குப் போனான்ல, பட்டினியாவா கிடந்தான்? கத்தாத. நான் இதை ஆத்துல போட்டுடறேன்."

அவள் கத்தவே இல்லை. கல்லை ஏப்ரனில் சுற்றி எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில், பூங்கா வழியே நடந்தாள்.

போஷான் கதவைத் திறந்தான். கல்லைப் பார்த்தான். உப்புநீர் வாடை அவனுக்கும் அடித்திருக்கும்.

"நான் தூக்கிட்டுப் போனது கோஸ்தான்னு அன்னிக்கே சொன்னேன்," என்றான்.

அவள் கல்லை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"என்கிட்ட எதுக்கு? அங்க கொண்டு போய்ச் சொல்லு. அன்னிக்கு மூட்டையைப் பத்திச் சொன்னியே, அதே சத்தத்துல."

கதவைச் சாத்தினான். பள்ளத்தில் மூன்று விரலையும் நுழைத்துக்கொண்டு அவள் பூங்காவுக்குத் திரும்பினாள். வாசலில் ராட்கா ஏதோ கேலி பேச வாயெடுத்தவள், ஏப்ரனிலிருந்து சொட்டுவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.